ஒரு நாள் தள்ளி வந்த திதி

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம், தேய்பிறை திருதியை. மதுரை பசுமலையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர், இறந்துபோன தன் மனைவியின் திதிக்கு ஆண்டுதோறும் தெருவுக்கே போடும் சாப்பாடு அது.

பெரியவருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. வருசநாட்டு மலையில் வளர்ந்தவர். இளவயதில் மில் வேலைக்காக மதுரைக்கு இறங்கி வந்து, இங்கேயே தங்கிவிட்டார். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வர அலைந்தவர் அவர். கல்யாண வீட்டில் பந்தக்கால் ஊன்றும்போதே வந்து நிற்பார். சாவு வீடென்றால் சுடுகாட்டிலிருந்து கடைசியாகத் திரும்புவார். பிள்ளைகள் வெளியூர்களில் இருக்க, மனைவிக்குப் பின் தனியாகவே வாழ்ந்தார்.

எனக்கு நாள் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. தெருவின் பிறப்பு, இறப்பு, புயலில் வேம்பு சாய்ந்தது வரை தேதியும் திதியுமாக என் நோட்டில் இருக்கும். அந்த ஆண்டு பெரியவரின் வாழ்க்கையைச் சிறு புத்தகமாக எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்காகப் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது அவர் மனைவி இறந்த தேதி கண்ணில் பட்டது. நான் தெருவுக்குக் குடிவந்த புதிது அது, யாரோடும் பழக்கமில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்துக் குறித்திருந்தேன். பஞ்சாங்கத்தை எடுத்துச் சரிபார்த்தேன். துவிதியை. அவரோ மறுநாள் திருதியையில் திதி கொடுத்துவருகிறார்.

இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நோட்டோடு நேரே பந்திக்குப் போனேன்.

“சார், இங்கயும் நோட்டா? எலைக்கு எத்தன அப்பளம்னு எழுதப் போறீகளா?” என்றார், சாம்பார் வாளியோடு வந்த எதிர்வீட்டு அம்மா. பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, ஒம்பது வருசமா ஒரு நாள் தள்ளித்தான் குடுத்துட்டு வாரீக. அண்ணி தவறுனது துவிதியை. சரியாப் பாத்தா நேத்துல்ல குடுத்திருக்கணும்.”

சென்னையிலிருந்து வந்திருந்த மூத்த மகன் நோட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “என்னப்பா இது? நீங்க சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டோம். அம்மாவுக்கு இம்புட்டு வருசமும் தப்பான நாள்லயா செஞ்சோம்?”

எதிர்வீட்டு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாளியோடு உள்ளே போய்விட்டார்.

“சரிப்பா, அடுத்த வருசத்துலருந்து மாத்திக்கிருவோம்” என்றார் பெரியவர். கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறினார். அவர் சாப்பிட உட்காரவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

மாலையில் மனம் கேட்காமல் மறுபடி போனேன். மகன் ரயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். பெரியவர் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாடகைப் பாத்திரங்களைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பேசினார்.

“அன்னைக்கு நான் பேரையூர்ல இருந்தேன் தம்பி. நம்ம தெருவுல ஒண்டியா குடியிருந்த ஒருத்தன் ஆஸ்பத்திரியில செத்துப்போனான். அவன் ஊருக்குக் கொண்டுபோக ஆளில்ல. இவளுக்கு லேசாக் காச்ச. ‘நீங்க போயிட்டு வாங்க’ன்னா. மலையில தூக்க நாலு பேரு இல்லன்னா பொணம் கெடந்துபோகும். அப்படியே வளந்துட்டேன்ல, கூப்புட்டா போயிர்றது. அங்க எல்லாம் முடியவும் கடைசி பஸ்ஸு போயிருச்சு. செல்போன வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டேன்.”

ஒரு குண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

“காலையில வந்து எறங்குறேன், தெருவுல பந்தலு தெரியுது. யாரு வீடோ, நாம போயி நிக்கணுமேன்னு வெரசா நடந்தேன். கிட்ட வரவும்தான் நம்ம வீடுன்னு தெரிஞ்சுச்சு.”

அடுத்த குண்டாவை நான் வாங்கி அலசினேன்.

“எங்க மலையில சேதி வந்துசேர ரெண்டு நாளாகும். கீழ போனவன் ஏறி வந்து செத்தவுக மொகத்தப் பாக்குற நாள்தான் அவனுக்கு நாளு. எனக்கு அவ போனது திருதியைதான் தம்பி.”

“மகங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே.”

“புள்ளைக மத்தியானத்துக்கு மேலதான் வந்துசேந்தாங்க, நான் ஊருல இல்லாதது தெரியாது. எதச் சொல்ல? உங்காத்தா சாகையில நான் வேற பொணத்துக்குக் கொள்ளி வச்சுட்டு நின்னேன்னா?”

அடுத்த ஆண்டு பிள்ளைகள் துவிதியையன்றே கோயிலில் ஐயரை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். பெரியவர், அவர்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, சொன்னதைச் செய்தார். மறுநாள் மதியம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மனைவியின் படத்துக்கு முன்னால் ஒற்றை இலை. தானே வடித்த சோறு, ஒரு ரசம், ஒரு அப்பளம். தெருவே உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டில் அவர் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய் இன்னொரு இலையை எடுத்துவந்தார். இருவரும் சாப்பிட்டோம்.

மறு வருட ஆடி வருவதற்குள் அவரும் போய்விட்டார். புத்தகம் எழுதப்படவே இல்லை. பழைய நோட்டில் அவர் மனைவியின் பெயருக்கு நேரே துவிதியையை அடிக்காமல், பக்கத்தில் ‘திருதியை, அவர் வந்து பார்த்த நாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தேதியையும் தவறவிடாத எனக்கு, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் அண்ணே என்று முதலில் கேட்கத் தோன்றவில்லையே என்பது, அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் உறுத்துகிறது.