டேப் ரெக்கார்டருக்கு எழுந்து நின்ற வகுப்பு

நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, ஆண்டின் நடுவில் எங்கள் இயற்பியல் சாரை அரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் ஓர் ஏற்பாடு செய்தார். சார் அங்கே மாலையில் பாடத்தைக் கேசட்டில் பேசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். தருமபுரியில் குடியிருந்த தலைமையாசிரியர் மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கிவருவார். மேசைமேல் டேப் ரெக்கார்டரை வைத்துப் பொத்தானை அழுத்தினால் வகுப்பு தொடங்கிவிடும்.

நாங்கள் பழகிக்கொள்ள வேண்டியிருந்தவை சில. ஒன்று, குரல் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் தலைமையாசிரியர் கத்தினார்: "பொட்டியா பேசுது? சாருதான பேசறாரு? எந்திரிங்கடா!" இரண்டு, சார் கேசட்டிலேயே வருகைப்பதிவும் எடுத்தார். பெயரைச் சொல்லி, "உள்ளேன் ஐயா" சொல்ல இடைவெளி விட்டு, "நல்லது" என்பார். வராதவனுக்கும் அதே இடைவெளி, அதே நல்லது. மூன்று, கரண்ட் இறங்கினால் சாரின் குரலும் கிணற்றுக்குள் இறங்கும். மின்னழுத்தம் பற்றிய பாடத்தை அப்படித்தான் முழுக்கக் கேட்டோம். நான்காவதுதான் கஷ்டம். "புரிஞ்சுதா?" என்று கேட்டு நிறுத்துவார். "புரியலங்க சார்" என்று நான் சொல்வேன். "நல்லது, மேல போவோம்" என்று அவர் போய்விடுவார்.

இந்த நிலையில் கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. ஆசிரியர் இல்லாத அறிவியல் பிரிவை மூடி, எங்களைத் தருமபுரிக்கு அனுப்புவதா என்று அவர் முடிவுசெய்வார். என் அப்பா தன் முடிவை முன்பே சொல்லியிருந்தார்: "பஸ் ஏறிப் போயி படிக்கிற படிப்பு நம்ம வூட்டுக்கு வேணாம்." ஆகவே பிரிவு மூடினால் என் படிப்பும் மூடும்.

கேசட்டில் எல்லாமே நடக்கும் என்று காட்டத் தலைமையாசிரியர் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார். அதுவும் கேசட்டிலேயே. பாடம் நடத்தக் குரல் போதுமா, ஆள் நேரில் வேண்டுமா என்பது தலைப்பு. "குரல் போதும்" அணி நான். "நேரில் வேண்டும்" அணி சாருடைய புதிய பள்ளி மாணவி ஒருத்தி. நடுவர் தலைமையாசிரியர்.

"எதிரணி பேசறப்ப காதுல வாங்காதம்மா. அடுத்து நீ என்ன பேசணும்னு மட்டும் யோசி," என்று அவர் எனக்குப் பயிற்சி கொடுத்தார். மேடையில் அது முடியும். கேசட்டைக் கேட்காமல் எப்படிப் பதில் சொல்வது? முதல் சுற்றில் நான் பேசிய கேசட் பஸ்ஸில் அங்கே போனது, அவள் பேசியது இங்கே வந்தது. அவளுடையதைப் போட்டுக் கேட்டேன்.

அவள் மேற்கோள் எதுவும் சொல்லவில்லை. "உங்க சார் தெனமும் பள்ளிக்கூடம் விட்டப்பறம் காலி பெஞ்சுங்க முன்னால நின்னு பேசறாருங்க. நான் ஜன்னல் வழியா பாக்கறேன். கேள்வி கேட்டுட்டு, யாரோ பதில் சொன்ன மாதிரி தலையாட்டறாரு. நேத்து ஒரு பெஞ்சுகிட்ட 'வெரி குட்'னு சொன்னாருங்க."

ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டேன். அந்த வெரி குட் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? எனக்கு வரவில்லை. என் "புரியலங்க சார்" அவருக்கும் போகவில்லை. என் குறிப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் பேசினேன்: "எதிரணி சொல்றதுதான் சரிங்க. குரல் போதாது." படிப்பு போய்விடும் என்று தெரிந்தேதான் பேசினேன்.

அதிகாரி வந்த அன்று என் இரண்டாம் சுற்றுக் கேசட்டை முதலில் போட்டார்கள். தலைமையாசிரியர் முகம் கறுத்துவிட்டது. அவசரமாக அரூர்க் கேசட்டைப் போட்டார். அந்தப் பெண் தெளிவாகப் பேசினாள்: "நீங்க அனுப்புனத கேட்டேங்க. எனக்கு சார் எதிர்லயே இருக்காரு. 'இன்னொருக்கா சொல்லுங்க சார்'னு கேக்க ஒரு நாளும் தைரியம் வல்லீங்க. நீங்க வேணுங்கறப்ப திருப்பிப் போட்டுக் கேக்கறீங்க. உங்க கட்சிதாங்க சரி."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப யாருய்யா எந்தக் கட்சி?"

"தீர்ப்பு இருக்குதுங்க சார்," என்று தலைமையாசிரியர் மூன்றாவது கேசட்டைப் போட்டார். அதிகாரி முன்னால் நாக்குக் குழறும் என்று முந்தின நாளே வீட்டில் பேசிவைத்தது. "இரு அணியினரும் இறுதிவரை தத்தம் கருத்தில் மலைபோல் உறுதியாக நின்றனர்..." குரல் வந்ததும் பழக்கத்தில் வகுப்பு முழுதும் எழுந்து, "வணக்கம் ஐயா" என்றது. தலைமையாசிரியரும் தன் குரலுக்குக் கைகட்டி நின்றார். எல்லோரும் நிற்பதைப் பார்த்து அதிகாரியும் மெல்ல எழுந்தார்.

கேசட் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, நீ பேசுனது உன் பள்ளிக்கூடத்துக்கே எதிரா இல்ல?"

"ஆமாங்க சார்."

"இப்பயும் அதேதானா?"

"இப்ப அந்தப் பொண்ணு பேசுனதையும் கேட்டனுங்களா, பாதி மாறிட்டனுங்க. ரெண்டும் வேணும்ங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. தலைமையாசிரியரைத் தனியே கூட்டிப்போனார். பிரிவு மூடப்படவில்லை. சார் வாரத்தில் சில நாள் நேரில் வருவார், மற்ற நாள் கேசட் வரும் என்று ஆனது. நான் பிறகு டிப்ளமோ முடித்து, குரல் ஏன் கிணற்றுக்குள் இறங்கியது என்பதையும் படித்துவிட்டேன்.

சார் நேரில் வந்த முதல் நாள் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்கவில்லையே. அவரும் அதைக் கவனிக்கவில்லை. பெயர் கூப்பிட்டார். வராதவன் பெயருக்கு இடைவெளி விட்டு, "நல்லது" என்றார். சுவரைப் பார்த்தே பாடம் நடத்தினார். "புரிஞ்சுதா?" என்று நிறுத்தினார்.

"புரியலங்க சார்," என்றேன்.

"நல்லது, மேல போவோம்," என்று கரும்பலகைப் பக்கம் திரும்பியவர், சாக்பீஸோடு அப்படியே நின்றார். பிறகு மெல்லத் திரும்பி பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரும்மா அது? என்ன சொன்ன?"

எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னேன்.