கண்ணையனின் கட்டைவிரல்

செய்தி வந்தபோது மணி இரண்டு இருபது. முதல் ஷிப்ட் பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். பள்ளியில் அடுத்த வகுப்புக்குச் சாக்பீஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். "டேய், மாமா பஸ்ஸ விட்டு எறங்கனதும் உக்காந்தாரு. எழுந்திரிக்கவே இல்லடா" என்றாள் போனில் அக்கா சரிதா. நெஞ்சுவலி. அவள் கணவர் கண்ணையனுக்கு வயது நாற்பத்து நான்கு.

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பதினாறு வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. மாலையில் மந்தாரக்குப்பத்தில் அப்ரார் நடத்தும் ஜிம்முக்குப் போவார். நானும் கூடப் போவேன். கடலூரில் நடக்கும் மாவட்டப் போட்டியில் தரையிலிருந்து நூற்று அறுபது கிலோவைத் தூக்கி நிற்க வேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம். முதுகும் காலும் தயார். கைதான் விட்டது. போன வருடம் போட்டி மேடையிலேயே, முழங்காலைத் தாண்டியதும், எடை மாட்டிய இரும்புப் பார் விரல்களிலிருந்து வழுக்கி விழுந்தது.

காரணத்தை அப்ரார்தான் பார்த்தான். மாமா கட்டைவிரலால் பாரைச் சுற்றிப் பிடிக்கவில்லை. மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்திருந்தார். சுரங்கத்தில் பெல்ட்டைத் தாங்கும் இரும்பு ரோலரை இரண்டு பேர் தூக்கிச் சட்டத்தில் உட்காரவைக்கும்போது, கட்டைவிரல் உள்ளே இருந்தால் மாட்டிக்கொள்ளும். அவருடைய ஆட்கள் யாரும் சுற்றிப் பிடிப்பதில்லை.

"அண்ணே, இது ரோலர் இல்ல. வெரல உள்ள வுடுங்க."

"இங்க உள்ள வுட்டு பழகிட்டா அங்கயும் வுட்டுடுவன்டா. அப்புறம் நீயா வந்து ஷிப்ட் பாப்ப?"

"அப்ப கையையும் பாரையும் சேத்துப் பட்டை கட்டிகினு தூக்குங்க."

"போட்டியில பட்டை கட்ட வுட மாட்டான். தெரிஞ்சிகினே சொல்றான் பாரு!"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜிம்மில் கையில் வெள்ளைப் பொடி தடவினால் கட்டைவிரல் உள்ளே. வேலையில் க்ளவுஸ் போட்டால் வெளியே. ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டுச் சொல்வார்.

அப்படி உள்ளே விட்டுப் பிடிப்பதிலும், முதலில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். நகம் கறுத்துப்போய், மறுநாள் சட்டைப் பித்தானை அக்கா போட்டுவிட வேண்டியிருந்தது. அதை விட்டார். அடுத்து, ஒரு உள்ளங்கை தன்னைப் பார்க்க, மற்றது வெளியே பார்க்க, இரண்டு கட்டைவிரலும் சுற்றியிருக்கப் பிடித்தார். பார் உருளவில்லை. உடம்பு ஒரு பக்கம் திருகாமல் இருக்க, குறைந்த எடையில் கைகளை மாற்றி மாற்றிப் பழகினார். நான்கு மாதம்.

"நூத்தம்பதே பெருசு மாமா, போதும்" என்றேன் ஒருநாள்.

"சாக்பீஸ் புடிக்கற கை பேசக் கூடாது மச்சான்."

போன சனிக்கிழமை நூற்று அறுபதைத் தூக்கினார். அப்ரார் மூன்று எண்ணும்வரை நின்றார். போடவில்லை, மெதுவாக இறக்கி வைத்தார். போட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

ஜிம்மின் பழைய பாரில் கை வைக்கும் இடத்துக்கு அடையாளம் கிடையாது. ஒரு கை கொஞ்சம் தள்ளிப் போனாலும் பார் சாயும். திங்கட்கிழமை மாலை சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து, டேப் வைத்து அளந்து, இடப்பக்கம் ஒரு வளையம் போட்டார். அதற்குள் கரண்ட் போய்விட்டது. "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று டப்பாவை மூடினார்.

மறுநாள்தான் அக்கா போன் செய்தாள். அந்தப் பாரில் வலது கைக்கு இன்னும் வளையம் போடவில்லை.