அப்பா நெஞ்சில் ஒரு குழந்தை

செலியமேட்டில் நான் ஆஷா பணியாளராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை.

அப்படிப் போன ஒரு வீட்டில், பெண் குழந்தை நாள் நிறையும் முன்பே பிறந்திருந்தது. எடை குறைவென்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கியதும் அனுப்பினார்கள். தோலோடு தோல் படும்படி நெஞ்சில் அணைத்தே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை நான் போனபோது, குழந்தை போர்வைக்குள் தனியாகக் கிடந்தது. பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"இன்னாம்மா, நெஞ்சுல வச்சிக்கலியா?"

"தையல் வலி தாங்கலக்கா. உக்காரவே முடில," என்று தாய் அழுதாள்.

திருபுவனை கம்பெனியில் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்த அவள் கணவன், ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"நீ வாப்பா. சீக்கிரம் குளிச்சிட்டு, சட்டை போடாம வா."

அவன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆம்பள கொழந்தையக் கட்டிக்கினு குந்துவானா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும்மா. மொதல்ல கொழந்த சூடாவணும். சூடாவலன்னா, பால் குடிக்கலன்னா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

அவன் குளித்துவிட்டு வந்தான். குழந்தைக்குக் குல்லா போட்டு, அவன் நெஞ்சில் சாய்த்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நூல் புடவையால் கட்டினேன். மூச்சுவிடவே பயந்தான். தாய் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. சூடேறுகிறதா என்று பார்க்க, நான் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தேன்.

"அக்கா, கால் சூடாவுதுக்கா!" என்று அவன் கத்தினான். தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

அவன் அம்மா டீ போட்டு எடுத்து வந்தார். மகன் கையை எடுக்க வேண்டாமென்று, தானே ஆற்றி அவன் வாயில் வைத்தார்.

அதன் பிறகு ஷிப்டு விட்டு வந்தால் அவன் முறை. வலி குறைந்ததும் மற்ற நேரமெல்லாம் மனைவி முறை.

தடுப்பூசி போட அவர்கள் சுகாதார நிலையத்துக்கு வந்த அன்று குழந்தையின் எடை நன்றாக ஏறியிருந்தது. அங்கிருந்த பெண்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அவ பாதி சொமந்தா, நான் பாதி சொமந்தேன். சொல்லிக் குடுத்தது இந்த அக்காதான்."

அன்று முழுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.