கடையாணி போட்ட கதவு

"முட்டைய வச்சுக்கிட்டு எங்கன ஓடப் பாக்குற?" என்று அதட்டியபடியே கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்துக்குள் தள்ளிக் கவிழ்க்கிறாள் இருளம்மாள். கோம்பையில் எங்களுக்கு அடுத்த வீடு. விடிந்ததும் ஒவ்வொரு கோழிக்கும் பின்னால் சுண்டுவிரல் விட்டுப் பார்ப்பாள். முட்டை தட்டுப்பட்டால் அன்றைக்கு அந்தக் கோழிக்கு மூங்கில் கூடைதான் கதி. கடலைக்காட்டில் களையெடுத்த கூலி வீட்டுக்குப் போய்விடும். வீடோ புருஷன் ஒச்சாண்டி பேரில். "கோழி மட்டுந்தேன் என்னுது" என்று யாரும் கேட்காமலே சொல்வாள்.

அந்தக் கோழிகளுக்குத்தான் எமன் வந்தது. ஏலக்காய் வியாபாரி கர்ணன் ஒரு கோம்பை நாய் வளர்க்கிறார். செவலை நிறம், கறுத்த மூஞ்சி. அதைப் பார்க்க மதுரையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கட்டிப்போட்டால் வீரம் செத்துவிடுமாம், காலையில் அவிழ்த்து விட்டுவிடுவார். போன மாதம் அது இருளம்மாளின் குஞ்சுத்தாய்க் கோழியைக் கவ்விக்கொண்டு போனது. அனாதையான குஞ்சுகள் ஒவ்வொன்றாக விறைத்துச் செத்தன.

நியாயம் கேட்கப் போனவளிடம் கர்ணன் சிரித்தார். "அதுக்கென்னத்தா தெரியும்? கோழிய அடைச்சுல்ல வளக்கணும்." தெருவும் தலையாட்டியது. கொன்றது நாய், குற்றவாளி கோழி! கேட்டால் ஊருக்கே பெருமையாம் அந்த நாய். பெருமைக்குத் தீனி போட இவள் கோழிதானா கிடைத்தது?

இருளம்மாள் கோழிகளுக்கு அடைப்பு கட்ட மண்வெட்டியை எடுத்தாள். கொல்லையில் முழ ஆழம் பள்ளம் பறித்து, நாய் தோண்டாதபடி சுற்றிலும் கல் பதித்தாள். மேலே உடைமுள் வரிந்து கட்டினாள். பருந்துக்காக, வைகை அணைப் பக்கமிருந்து வாங்கிவந்த பழைய மீன்வலையை விரித்தாள். ஏலக்காய்ப் பெட்டிப் பலகையில் கதவு. தாழ்ப்பாளுக்குப் பழைய வண்டிக் கடையாணி. "அரமனை கட்டுறியாத்தா?" என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேலி பேசினார்கள். நாயைக் கட்டிவைக்கச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நேற்றுக் காலை விரல் விட்டுப் பார்க்க அவள் கதவைத் திறந்ததுதான் தாமதம், அந்த நாய் அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கோழிகள் அவள் தலைக்கு மேலே பறந்து வெளியே விழுந்தன. அவள் கதவைச் சாத்திக் கடையாணியைச் சொருகினாள். சுற்றிலும் கல்லும் முள்ளும். அவள் கட்டிய கட்டு அப்படி.

கர்ணன் மூச்சிரைக்க வந்தார். "தொறந்து விடுத்தா. அடைச்சுப் போட்டா தாங்காது."

"அடைச்சு வளக்கணும்னு நீங்கதானண்ணே சொன்னீக. இங்கனயே கெடக்கட்டும்."

"அது என்ன கோழியா?"

"அதயேதேன் நானும் கேக்கேன்."

இருளம்மாள் ஒரு கும்பாவில் தண்ணீர் மொண்டுவந்து முள் இடுக்கு வழியாக நாய்க்கு நகர்த்தி வைத்தாள். பிறகு முற்றத்துப் பஞ்சாரத்தருகே வந்தாள். அதற்குள் முந்தாநாள் குஞ்சு பொரித்த கறுப்புக் கோழி இருந்தது. கர்ணனின் முகத்தைப் பார்த்தபடியே பஞ்சாரத்தைத் தூக்கி, அவ்வளவு குஞ்சுகளையும் தாயோடு தெருவில் இறக்கிவிட்டாள்.