மாடி அறைக்காரியின் ஊர்

காசியா, ராமேஸ்வரமா என்றுதான் ஜெயப்பிரகாஷ் கேட்டான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அம்மாவை எங்கும் அழைத்துப் போனதில்லை என்ற உறுத்தல் அவனுக்கு. கெங்கம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "தவாங்" என்றாள்.

"இன்னாது?"

"தவாங். அருணாசலப் பிரதேசத்துல. அங்கேருந்து இன்னும் மேல ஏறணும். ஜெமித்தாங்னு ஊரு."

"சீனாக்காரன் எல்லைம்மா அது. திருப்பதி படியேறவே மூணு எடத்துல குந்துவ நீ."

"ஜீப் போவுதாம். படி கெடையாது."

அவன் சிரித்துவிட்டான். ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ்ஸில் போகிற நேரமெல்லாம் அந்த ஊரைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். மலை, பனி, மஞ்சள் கூரை போட்ட பெரிய மடம், வரிசையாகச் சிவப்புத் துணி போர்த்திய பிள்ளைத் துறவிகள். ஒரு வாரத்தில் அம்மாவைவிட அவனுக்கு ஆசை அதிகமாகிவிட்டது. காட்பாடியில் ஏறினால் குவாஹாத்தி வரை ஒரே ரயில் என்று கண்டுபிடித்தான். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு போட்டோ எடுக்க வேண்டும் என்றான். ஜூன் கடைசியில் லீவு கிடைக்கும், அப்போது போகலாம் என்றும் முடிவு செய்தான். கெங்கம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பழைய பஜாரில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கினாள். வேலூர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து, கழற்ற முடியாமல் திணறினாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒன்றில் அவள் வீடு. புருஷன் பெருமாள் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். அவர் செத்த பிறகு மாடியில் மூன்று அறை எடுத்து, அடுப்பும் பாத்திரமும் போட்டு, நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். வங்காளம், ஜார்க்கண்ட், திரிபுரா என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத கெங்கம்மாள் அவர்களிடம் பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டாள். கடுகெண்ணெய் வாடைக்குப் பழகினாள். யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று கீழே இருந்தபடியே தெரிந்துவிடும்.

அந்தச் சந்தில் அறை விடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குத் திரும்பியவர்களை யாரும் போனில் கூப்பிடுவதில்லை. கெங்கம்மாளும் முதல் வருஷம் தெரியாமல், புருஷனோடு மாடியில் இருந்துவிட்டுப் போன அசன்சோல்காரிக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். அந்தப் பெண், அவர் போய் நாற்பது நாளாச்சு என்று சொல்லிவிட்டு, நீங்கள் அழாதீர்கள் என்று இவளைத் தேற்றினாள். அதற்குப் பிறகு இவளும் வழக்கத்துக்கு வந்துவிட்டாள். நம்பர்களை அழிக்கவில்லை. கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

ஜெமித்தாங்கிலிருந்து வந்தவள் பேமா. புருஷன் ரின்சின், ஏழு வயதில் ஒரு பெண், லேக்கி. குழந்தைக்கு ரத்தத்தில் கோளாறு. அப்பாவின் எலும்பு மஜ்ஜையை எடுத்துக் குழந்தைக்கு வைத்தார்கள். குழந்தையைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் அப்பா உள்ளே. அம்மா வெளியே, கெங்கம்மாள் வீட்டு மாடியில். எட்டு மாதம் இருந்தாள். வேளாவேளைக்குக் குக்கரில் வேகவைத்து, மூடி திறக்காமல் கேரியரில் போட்டு, ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிட்டு வருவாள்.

வந்த மறுநாளே மொட்டைமாடிக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சின்னச் சின்னத் துணிகளைக் கட்டினாள். ஏதோ எழுத்து அச்சடித்திருந்தது. மழை தூறியதும் கெங்கம்மாள் மற்றத் துணிகளோடு அவற்றையும் எடுத்தாள். அழுக்காக இருந்ததால் சோப்புப் போட்டுத் துவைத்து, மடித்து, மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பேமா மடிப்பைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவை பிரார்த்தனைத் துணிகள், காற்றில் கிழிந்து நைந்து போக வேண்டும், அப்போதுதான் பிரார்த்தனை நாலு திசைக்கும் போகும் என்று அப்புறம் விளக்கினாள். "சோப்புத் தண்ணியோட சாக்கடைக்குப் போயிடுச்சே?" என்று கெங்கம்மாள் பயந்தாள். சாக்கடையில் இருக்கிற ஜீவன்களுக்கும் வேண்டும்தானே என்றாள் பேமா.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் சமைத்தார்கள். பேமா ஆவின் வெண்ணெயும் உப்பும் போட்டு டீ கலக்குவாள். ரசத்தில் பால் ஊற்றின மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே கெங்கம்மாள் இரண்டு டம்ளர் குடிப்பாள்.

குழந்தை தேறி, அவர்கள் ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் பயம் முழுசாகப் போகவில்லை, நோய் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். செக்கப்பை குவாஹாத்தியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர்கள் மறுபடி வேலூர் வரவில்லை. அதனால்தான் வரவில்லையா, வேறு காரணமா என்பது கெங்கம்மாளுக்குத் தெரியாது.

"அங்க ஓட்டல் எதுவும் சரியா இல்லம்மா. அவங்க நம்பர் குடு, நான் பேசறேன்," என்றான் ஜெயப்பிரகாஷ்.

"என் போன் தண்ணில வுழுந்துச்சே, அதோட போச்சு."

எதிர் வீட்டு மஹ்பூபி வாசலில் பூண்டு உரித்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டு அறை விடுகிறவள். ஜெயப்பிரகாஷ் உள்ளே போனதும் வந்து உட்கார்ந்தாள்.

"யார்கிட்ட கத வுடற? போன் தண்ணில வுழுந்தது அவங்க வர்றதுக்கு முன்னாடி. அந்தக் குட்டி போட்டோதான் இதுல இன்னும் இருக்குதே."

"சும்மா இருடி."

"பனியப் பாக்கப் போறாளாம் பனிய. நீ அந்தப் பொண்ணு இருக்குதா இல்லையான்னு பாக்கப் போற."

கெங்கம்மாள் பூண்டுத் தோலை ஊதினாள். "போன்ல கேட்டா ஒரே பேச்சுல முடிஞ்சிடும் மஹ்பூபி. நேரா போனா, போய்ச் சேர்ற வரைக்குமாவது அது இருக்கும்."

"உனக்கு இருக்கும். அவளுக்கு? பொண்ணு இல்லன்னு வச்சிக்கோ. நீ ஸ்வெட்டரப் போட்டுக்கினு போய் வாசல்ல நிக்கற. அவ இன்னா பண்ணுவா? உன்னக் குந்த வைப்பாளா, டீ போடுவாளா, அழுவாளா? அவ்ளோ தூரம் போய் அவள அழ வெக்கணுமா?"

கெங்கம்மாள் எழுந்து போய் போனை எடுத்து வந்தாள். "நீ பக்கத்துல இரு," என்றாள்.

மணி அடித்தது. அறுந்தது. மறுபடி போட்டாள். ஓர் ஆண் குரல். ரின்சின்தான். இவள் பெயரைச் சொன்னதும், "வேலூர் ஆண்ட்டி!" என்று கத்தினான். அவனாகவே சொன்னான்: லேக்கி இங்கேதான் இருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் பனி லீவு, முடி முழங்கை வரைக்கும் வளர்ந்துவிட்டது, பின்னிக்கொள்ள மாட்டேன் என்று தினம் சண்டை.

கெங்கம்மாள் மஹ்பூபியின் தொடையில் ஓங்கித் தட்டினாள். மஹ்பூபி மேலே பார்த்து அல்லாவுக்கு நன்றி சொன்னாள். பூண்டு உருண்டு ஓடியது.

"அவளக் கூப்பிடு," என்று கெங்கம்மாள் இந்தியில் அதட்டினாள். "பேமாவக் கூப்பிடு. ரெண்டு வருஷத்துல ஒரு போன் பண்ணல. அவகிட்ட சண்டை போடணும்."

லைன் போய்விட்டது என்று நினைத்தாள்.

போன மழையில், என்றான் ரின்சின். காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். மலை சரிந்து பாதை அறுந்துவிட்டது. தவாங் ஆஸ்பத்திரிக்கு இறக்க முடியவில்லை. ஆட்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழி. சொல்ல நினைத்தேன் ஆண்ட்டி, ஆனால் உங்கள் தெருவில் ஊருக்குப் போனவர்களைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று பேமாதான் சொல்லியிருந்தாள்.

கெங்கம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த இரண்டு வருஷத்தில் குழந்தைக்காக எத்தனை விதமாகவோ பயந்திருக்கிறாள். பேமாவுக்காக ஒரு நாள்கூடப் பயந்ததில்லை. அவள் நோயாளி இல்லையே.

போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சின்னக் குரல்.

"ஆண்ட்டி, நான் லேக்கி."

"சொல்லு கண்ணு."

"நான் கண்ணாடி ரூம்ல இருந்தப்ப அம்மா உங்க வீட்லதானே இருந்தா?"

"ஆமா."

"அங்க அம்மா என்ன பண்ணுவா? அப்பாவும் உள்ள இருந்தார், அவருக்குத் தெரியாது. இங்க யாருக்குமே தெரியாது."

கெங்கம்மாளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "போன்ல வேணாம்டா. வந்து சொல்றேன்," என்றாள். தமிழில் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து, மறுபடி இந்தியில் சொன்னாள்.

ஜெயப்பிரகாஷ் சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம்மா, வுட்டுடலாம். எழவு வூட்டுக்கு அவ்ளோ தூரம் எதுக்கு? காசிக்கே போலாம்," என்றான்.

"ஜூன் ஆவாது. மழ வந்தா அங்க ரோடு இருக்காது. ஏப்ரலுக்குப் போடு."

"லீவு கெடைக்காதும்மா."

"நான் தனியாப் போறேன். இந்தி தெரியும், வாய் இருக்குது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். போனைத் திறந்து ரயில் தேட ஆரம்பித்தான்.

"அங்க எத்தினி நாளு?"

"தெரில," என்றாள் கெங்கம்மாள். "எட்டு மாசத்து சேதி சொல்லணும்."