இரண்டு சென்டிமீட்டர்

அந்த வியாழக்கிழமை காலை, பூனாவில் எங்கள் கசார்வாடி அறையில் இருந்தது நானும் என் மனைவியும் மட்டும். வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் மூன்று பேர். இருந்திருக்க வேண்டியவர்கள் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய என் அத்தை, அவளுடைய அம்மா, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தார். ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை உதிரம் பட்டுவிட்டதால் ரயிலில் அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பெண் அம்மாவிடம் போகாமல் அம்மா பெண்ணிடம் வருவது என்று முடிவானது. பதினேழு நாள் கழித்து வந்து சேரும்படிதான் அவருக்கு டிக்கெட் எடுத்திருந்தது. இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்த அப்பாவை விட்டு என் அம்மாவால் நகர முடியவில்லை.

போசரியில் எங்கள் கம்பெனிக்கு வியாழன்தான் வார விடுமுறை. அன்றுதான் நான் அளவெடுப்பேன்.

நான் பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டு, ஷாஃப்ட், செய்யும் பட்டறையில் இன்ஸ்பெக்டர். ஒரு ஷாஃப்ட் வந்தால் மூன்று இடத்தில் அளந்து, அளவை எழுதி, சரி என்றால் பச்சை பெயின்ட், இல்லை என்றால் சிவப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். எனக்குப் பிறந்த தேதி போட்டதே தலைமையாசிரியர். என்னைச் சேர்க்கப் போன அன்று அவர் கேட்டதற்கு, மழை பிடிப்பதற்கு முன்னால் பிறந்தான் என்று அம்மா சொன்னார்களாம். அவர் யோசித்து ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். அது சரியா தவறா என்று சொல்ல இன்று யாரும் இல்லை. என் பிள்ளைக்கு அப்படி இருக்கக் கூடாது, பிறக்கும் முன்பிருந்தே எல்லாம் எழுதி இருக்க வேண்டும் என்று ஒரு நோட்டு வாங்கியிருந்தேன்.

ஏழாம் மாதம் மாநகராட்சி மருத்துவமனையில் நர்ஸ் இன்ச் டேப்பால் என் மனைவியின் வயிற்றை அளப்பதைப் பார்த்தேன். மேட்டின் உச்சியில் ஒரு முனை, அடியில் எலும்பில் மறுமுனை. எதற்கு என்று கேட்டேன். “எத்தனை வாரமோ அத்தனை சென்டிமீட்டர். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்” என்று இந்தியில் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை ஒரு தையல்காரர் டேப் சொல்லிவிடுகிறது. வரும் வழியில் பிம்ப்ரி மார்க்கெட்டில் ஒரு டேப் வாங்கினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும். முப்பத்திரண்டாம் வாரம் முப்பத்திரண்டு. முப்பத்து நாலில் முப்பத்து நாலு. முப்பத்தைந்தில் முப்பத்தைந்து. இவ்வளவு ஒழுங்கான பொருளைப் பட்டறையில்கூட நான் பார்த்ததில்லை.

“நான் என்ன உங்க கம்பெனி ஷாஃப்டா?” என்பாள் படுத்துக்கொண்டே. “பாஸா, ஃபெயிலா? பச்சை பெயின்ட் எங்க அடிப்பீங்க?”

அந்த வியாழன் முப்பத்தாறாம் வாரம் தொடங்கியிருந்தது. டேப்பை வைத்தேன். முப்பத்து மூன்று.

மறுபடி வைத்தேன். முப்பத்து மூன்று. மூன்றாவது முறையும் அதேதான்.

“எவ்ளோ?” என்றாள்.

“சரியா இருக்கு” என்றேன்.

துணி டேப் இழுபட்டு நீண்டுபோனால் அளவு குறைத்துக் காட்டும். அவள் பாத்ரூம் போன நேரத்தில் கம்பெனி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அதன்மேல் டேப்பை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. எங்கள் வேலையில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அளக்கும் கருவி சரி என்றால் பொருளில்தான் கோளாறு. இரண்டு சென்டிமீட்டர் போயிருக்கிறது. பனிக்குடத்து நீர் வற்றியிருக்க வேண்டும், அல்லது பிள்ளை வளர்வது நின்றிருக்க வேண்டும். வேறு எங்கே போகும்?

அன்று முழுக்க நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தாள். “ரெண்டு நாளா மூச்சு நல்லா விட முடியுதுங்க. நெஞ்சு மேல யாரோ ஒக்காந்திருந்து எழுந்து போன மாதிரி இருக்குது” என்றாள். மூன்று தோசை சாப்பிட்டாள். போன வாரமெல்லாம் ஒன்றரைக்கு மேல் இறங்காது. அரை மணிக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு எழுந்தாள், இது வேறு அடிக்கடி வருகிறது என்று கோபித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். எதையும் எழுதவில்லை. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

“அசையுதா?” என்று கேட்டேன். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டேன். நாலாவது முறை அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“எதுக்கு இத்தினி வாட்டி கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கற மூஞ்சியா இது?”

அதற்குப் பிறகு அவளும் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கத் தொடங்கிய நேரமாகப் பார்த்து அது தூங்கிவிட்டதோ என்னவோ, ஒரு மணி நேரத்துக்கு அசைவே இல்லை. இடப்பக்கமாகப் படுத்து, வயிற்றில் கை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு உதை வந்தது. “இருக்குது” என்றாள். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் காலையில் நான் பார்த்த அந்த உற்சாகம் இல்லை. அதை எடுத்துவிட்டது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி அளந்தேன். அதே முப்பத்து மூன்று. சொல்லிவிட்டேன். அவள் புடவையை மாற்றிக்கொண்டு ஃபைலை எடுத்தாள். அத்தைக்குப் போன் செய்யலாமா என்றதற்கு, “அது அங்க ஒக்காந்து அழும். வேணாம்” என்றாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் “தீரே, தீரே”, மெதுவாக, என்று நான் சொல்ல, டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, உருட்டிக்கொண்டே போனார்.

மருத்துவமனையில் அதே நர்ஸ். “காய் ஜால?” என்றார், என்ன ஆயிற்று என்று. நோட்டை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நர்ஸிடம் காட்டினார், இருவரும் மராத்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவரே டேப்பை எடுத்து அளந்தார்.

“தேத்தீஸ்” என்றார். முப்பத்து மூன்று. “உன் அளவு சரிதான்.”

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் நின்றோம்.

டாக்டர் என் வயதுப் பெண். முதலில் ஒரு சிறு கருவியை வயிற்றில் வைத்தார். குதிரை ஓடுவதுபோல் சத்தம் கேட்டது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் இரண்டு கையாலும் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டார். என் மனைவிக்கு இந்தி இன்னும் வராது, பூனாவுக்கு வந்து ஒரு வருஷம்தான். நான் மொழிபெயர்த்தேன்.

“படியேறினா முன்ன மாதிரி மூச்சு வாங்குதான்னு கேக்கறாங்க.”

“இல்ல. நேத்தே சொன்னேன்ல.”

“சாப்பாடு எறங்குதா?”

“மூணு தோசை தின்னேன். பாத்துக்கினுதானே இருந்தீங்க.”

“பாத்ரூம் அடிக்கடி வருதான்னு...”

“அதையும் சொன்னேன்.”

மூன்று பதிலையும் நான் இந்தியில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் பேசிய தோரணை எந்த மொழிக்காரருக்கும் புரியும். சிரித்துவிட்டார்.

“தலை கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்” என்றார். ஒரு கையைக் கிண்ணம்போல் குவித்து, மறு கை முட்டியை அதற்குள் மெல்ல இறக்கிக் காட்டினார். பிள்ளை கீழே போனால் மேலே இடம் காலியாகும். வயிற்றின் மேடு இறங்கும். மூச்சு இலகுவாகும், பசி எடுக்கும், கீழே அழுத்துவதால் அடிக்கடி சிறுநீர் வரும். முதல் பிள்ளைக்குப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே இப்படி ஆகும்.

பொருள் குறையவில்லை, நகர்ந்திருக்கிறது. ஷாஃப்ட் மேஜைமேல் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். தானாக இடம் மாறும் ஒன்றை நான் அதுவரை அளந்ததில்லை.

பயம் போன இடத்தில் உடனே கேள்வி வந்து உட்கார்ந்தது. “நேரமாயிடுச்சு, கீழ போகணும்னு அதுக்கு எப்படித் தெரியுது டாக்டர்?”

வெளியே வரிசை நீளமாக இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு, “எனக்கும் சரியாகத் தெரியாது” என்றார். டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது, அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது.

நர்ஸ் கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, கையை நீட்டினார். “உன் டேப்பைக் கொடு.” பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

வாசலுக்கு வந்ததும் அத்தைக்கு வீடியோ கால் செய்தோம். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, “அவள நிக்க வெச்சு பக்கவாட்டுல காட்டுங்க மாப்ள” என்றார். காட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. “வயிறு எறங்கிச்சு. இத்த பாக்கறதுக்கா ஆஸ்பத்திரி போனீங்க? நேத்தே போன்ல காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனே.”

பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் குரல் மாறியது. “எறங்கிச்சுன்னா இனிமே சொல்ல முடியாது மாப்ள. அந்த டிக்கெட்ட விட்ருங்க. இப்ப எது கெடைக்குதோ அதுல போடுங்க. நான் இன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன்.”

“சம்பளம் போவும்மா” என்றாள் என் மனைவி.

“போனா போவட்டும்.”

ஆட்டோவில் திரும்பி வந்து வீட்டுக்கு முன் இறங்கும்போது அவள் சொன்னாள். “அடுத்த வாட்டி டேப்ப எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க. நான் உள்ள இருந்து பாக்கறவ.” சரி என்றேன். அன்றிரவே நோட்டில் ஒரு புதுக் கட்டம் போட்டேன், அவள் சொல்வதை எழுத.

அத்தை திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். பிள்ளை யாருக்கும் அவசரப்படவில்லை. அந்த வியாழனிலிருந்து பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டு, ஒரு மதியம், எங்களை மூன்று மணி நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டு வந்தாள். பழைய டிக்கெட்டிலேயே வந்திருந்தாலும் அத்தை ஒரு நாள் முன்னதாக வந்திருப்பார். பிறந்த தேதி, நேரம், எடை எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது, மகளை மடியில் வைத்திருந்த என் மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“அந்த ரெண்டு சென்டிமீட்டருக்கு எவ்ளோ ஆச்சுன்னும் எழுதுங்க. பெரிசானா படிக்கட்டும்.”

அத்தை வேண்டாம் என்று கையசைத்தார். ஆனாலும் எழுதினேன்: ஆட்டோ, என் அரை நாள், ரத்தான டிக்கெட், தட்கல் டிக்கெட், அத்தை இழந்த இரண்டு வாரச் சம்பளம், எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து நூற்று இருபது ரூபாய்.