குழிக்குப் போகாத சக்கை

தெருவில் யாரைக் கேட்டாலும் அவரை வாசனைக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாசனைப்புல்லில் எண்ணெய் வடிக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகப் புல்லை வேகவைக்கும் கொப்பரையைப் பார்த்துக்கொள்கிறவர். எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் அந்த எலுமிச்சை மணம் அவரை விட்டுப் போகாது. அவர் பேருந்தில் ஏறினால் கொசுவெல்லாம் இறங்கிவிடும் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். உலகத்தில் இரண்டே பேர் அவரை வேறு மாதிரி கூப்பிட்டார்கள். ஒருத்தி, அண்ணே என்று அழைக்கும் தங்கை. இன்னொருத்தி, மாமா என்று ஓடிவரும் அவளுடைய எட்டு வயது மகள். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதருக்கு வேறென்ன இருக்கிறது?

ஆலை புதிதாக வாங்கிய பக்கத்து நிலத்தில் முன்பு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருந்தது. பட்டறைக்காரன் மூடிக்கொண்டு போய்விட்டான், ஈயம் மண்ணிலேயே தங்கிவிட்டது. அங்கே கீரை, காய் எதுவும் போடக் கூடாது, வாசனைப்புல் வளர்க்கலாம் என்று மண் ஆய்வுக்கூடத்து அம்மா ஒருவர் வந்து சொன்னார். கொப்பரைக்குப் பக்கத்திலேயே நின்று பொறுமையாக விளக்கினார்.

"புல்லு ஈயத்தை உறிஞ்சத்தான் செய்யும். ஆனா ஆவியோட அது மேல ஏறாது, எண்ணெய் சுத்தமா வந்துடும். கெட்டதெல்லாம் சக்கையில நின்னுடும். அதனால சக்கையை மாட்டுக்கும் போடாதீங்க, செடிக்கும் போடாதீங்க. தளம் போட்ட குழியில கொட்டி மூடிடணும். சரிங்களா?"

"சரிங்கம்மா," என்று அவர் தலையை ஆட்டினார். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டினார்.

பாழாய்ப்போன அந்தக் குழி நிலத்தின் கடைக்கோடியில் இருந்தது. வெந்த சக்கை ஈரத்தோடு கல்லாய்க் கனக்கும். ஒரு வடிப்புக்குப் பதினெட்டு நடை. அந்தக் கோடையில், வல்லாரைப் பாத்தி காய்கிறது, மேலே போர்த்த ஒரு கைப்பிடி வைக்கோல்கூடக் கிடைக்கவில்லை என்று தங்கை புலம்பினாள். மறுநாளே இரண்டு மூட்டைச் சக்கையை வண்டியில் கட்டிக்கொண்டு போனார். இரண்டு மூட்டையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். பாத்தி மேல் போர்த்துவதுதானே, தின்னவா போகிறார்கள் என்றும் நினைத்தார். சோம்பலும் பாசமும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் அப்புறம் புத்தி எங்கே போய் நிற்கும்?

வல்லாரை தளதளவென்று படர்ந்தது. பூச்சி அண்டவில்லை. "எங்க அண்ணன் கொண்டாந்த புல்லு" என்று தங்கை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்தப் பெருமைக்கு அவர் பழகிப்போனார். மாதம் தவறாமல் இரண்டு மூட்டை போயிற்று. மூன்று வருடம் ஓடியது. தினமும் காலையில் தங்கை ஒரு பிடி இலையைப் பறித்து, அரைத்து, தேனில் குழைத்து மகளுக்குக் கொடுத்தாள். ஞாபகசக்தி வளர வேண்டும், படிப்பு ஏற வேண்டும் என்று ஆசை.

படிப்பு ஏறவில்லை. வயிற்றுவலிதான் வந்தது. பிள்ளையின் முகம் வெளுத்தது. நேற்றுப் படித்த பாடம் இன்று நினைவில் நிற்கவில்லை. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈயம் ஏறியிருக்கிறது என்றார். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து உடனே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் மெல்ல இறங்கும், நாள் கடத்தினால்தான் ஆபத்தாம்.

தங்கை வாசனைக்காரருக்கு ஃபோன் செய்து இதைச் சொல்லி அழுதாள். எங்கிருந்து என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்தும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எங்கோ கேட்டு வந்திருந்தார். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மூன்று பேரும் சன்னல் சன்னலாகச் சுரண்டினார்கள். எல்லாரையும்விட மும்முரமாகச் சுரண்டியவர் வாசனைக்காரர். வெட்கங்கெட்ட மும்முரம். நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததும் தங்கை ஓடிவந்து விரலில் துணி சுற்றினாள்.

"விடுண்ணே, போதும். எங்களுக்காக நீ எவ்வளவுதான் செய்வே?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்: சக்கையில ஈயம் இருக்காம், நேத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. பிள்ளையும் பிழைக்கும், அண்ணன் என்கிற பேரும் பிழைக்கும். அந்த அரைப் பொய்கூட வாயைத் தாண்டி வரவில்லை. மென்று விழுங்கினார்.

மாலை நான்கு மணிக்குத் தங்கை கிண்ணத்தோடு வந்தாள். "உடம்பு தேறணுமில்ல, இனிமே ரெண்டு வேளையும் வல்லாரை குடுக்கப்போறேன்," என்றாள். மகள் சமர்த்தாக வாயைத் திறந்தாள்.

"குடுக்காதே!"

அவர் போட்ட சத்தத்தில் ஸ்பூன் தரையில் விழுந்தது.

"அந்தப் பாத்தியிலதான்மா ஈயம் இருக்கு. நான் கொண்டாந்த சக்கையிலேருந்து வந்தது."

மாப்பிள்ளை கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சேவா கொண்டாந்தீங்க, மச்சான்?"

தங்கைதான் குறுக்கே பாய்ந்தாள். "நீங்க சும்மா இருங்க. தெரிஞ்சிருந்தா எங்க அண்ணன் குடுத்திருப்பாரா? இவ மேல உசுரையே வச்சிருக்கற மனுஷன்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இப்பத்தானேண்ணே உனக்கே தெரிஞ்சுது?"

தலையை ஆட்டினால் போதும். அவர் தயார் செய்த பொய்யை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். தலையாட்டுவது அவருக்குப் பழகிய காரியமும்கூட. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்ட முடியவில்லை.

"மொதல் மூட்டை கொண்டாரும்போதே தெரியும்," என்றார். "குழியில கொட்டச் சொல்லியிருந்தாங்க. குழி தூரமா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அந்தக் காரணம் எவ்வளவு அற்பமானது என்று அவருக்கே உறைத்தது. தங்கை மகளை இழுத்துக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்தாள். மறுபடி மறுபடி கொப்பளிக்க வைத்தாள்.

மறுநாள் தொடங்கி ஐந்து நாள் பாத்தியை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். செடி, சக்கை, மண் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குழியில் கொண்டுபோய்க் கொட்டினார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அதன்பிறகு ஆலையில் ஒரு வடிப்புக்குக்கூடப் பதினெட்டு நடையில் ஒன்றைக் குறைத்ததில்லை. இனி நடந்து யாருக்கு என்ன, ஆனாலும் நடந்தார்.

நான்கு மாதம் கழித்து, பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் பாதியாக இறங்கிவிட்டது என்று மாப்பிள்ளை ஃபோனில் சொன்னார். மனது கேட்காமல் அன்றே வெறுங்கையோடு கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினார். தங்கை எட்டிப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்து, கூப்பிடப்போகிறாள் என்று ஒரு கணம் நம்பினார்.

அவள் உள்ளே திரும்பிக் கணவரிடம் சொன்னாள்:

"வாசல்ல வாசனைக்காரர் நிக்கிறாரு. என்ன வேணும்னு கேளுங்க."